ஊக்கமும் தேவைகளும்: கேள்வி பதில்

டெட் தேர்வர், விழுப்புரம்: உளவியலாளர் மாஸ்லோவின் தேவைப் படிநிலையில் ஒரு படி முழுதும் நிறைந்த பிறகுதான் அடுத்த படியா?

இல்லை. அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதே, ஐந்து தேவைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் பிரமிடு படம்தான். அதை மாஸ்லோ வரையவில்லை. அவருடைய 1943 கட்டுரையில் படமே கிடையாது. 1960-ல் மெக்டெர்மிட் என்பவர் ஒரு வணிக இதழில் அதை முக்கோணமாகப் போட்டார். பிறகு பாடநூல்கள் பிடித்துக்கொண்டன. மாஸ்லோ எழுதியது வேறு: சராசரி மனிதருக்கு உடல் தேவை 85, பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, தன்னிறைவு (தன் திறனை முழுதாக வெளிக்கொணர்வது) 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம். எல்லாமே ஒரே நேரத்தில் அரைகுறையாக. இவை விளக்கத்துக்காகப் போட்ட எண்கள், யாரையும் அளந்து எடுத்தவையல்ல. தேர்வில் ஐந்து படி வரிசையைக் கேட்டால் வரிசையை மட்டும் எழுதிவிட்டு நகருங்கள்.

தாய், மதுரை: ஏழு வயது மகள் நன்றாகப் படம் வரைவாள். ஒரு படத்துக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொல்லலாமா?

வேண்டாம் மேடம். உங்கள் கேள்விக்கு அப்படியே பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடத்தி 1973-ல் வெளியிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்தார்கள். ஒரு பிரிவிடம் ‘வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்த பின் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் மறைந்திருந்து பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் நேரத்தில் 8.6 சதவீதம் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்கள் 18.1, ஒன்றும் பெறாதவர்கள் 16.7.

கெடுத்தது பரிசல்ல, முன்கூட்டியே பேசிய பேரம். வரைந்த பிறகு, சொல்லாமல் ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுங்கள். பாராட்டும்போது ‘மரத்துக்கு நிழல் போட்டிருக்கிறாயே’ என்று செய்ததைச் சுட்டுங்கள். ‘அம்மா சொன்னபடியே வரைந்தாய், சமத்து’ என்பது பாராட்டு வேடத்தில் வரும் கட்டளை.

மனிதவள மேலாளர், கோவை: அப்படியானால் சம்பளமே வேலை ஆசையைக் கெடுக்க வேண்டுமே? இன்சென்டிவ் நிறுத்தினால் என் ஆலையில் ஒரு ஷிஃப்ட் ஓடாது.

ஓடாதுதான். நிறுத்தச் சொன்னது யார்? மேலே ‘ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள்’ என்று இருப்பதைப் படியுங்கள். பிடிக்காத வேலையில் கெடுவதற்கு ஆசையே இல்லை. அங்கே காசு வேலை செய்யும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வந்த ஒரு பெருந்தொகுப்பின் முடிவும் இதற்கு ஒத்துவருகிறது: எண்ணிக்கை கூட இன்சென்டிவ் உதவும், தரம் கூட வேலையின் மேலுள்ள ஆசைதான் அதிகம் உதவும். பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்கு இவ்வளவு கூலி என்றால், நூல் சுற்றிய பாபின் எண்ணிக்கை ஏறும். நூல் அறுவதைத் தானாகக் கவனித்துச் சொல்லும் ஆள் அதனால் கிடைக்க மாட்டார்.

ஆய்வு மாணவர், சிதம்பரம்: கேமரன், பியர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1994-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்து, பரிசால் கேடில்லை என்று நிறுவிவிட்டார்களே?

நிறுவவில்லை தம்பி. சலிப்பான பணி, பிடித்த பணி இரண்டையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தார்கள். ஒன்றில் ஏற்றம், இன்னொன்றில் இறக்கம். கூட்டினால் பூஜ்யம்தான் வரும். 1999-ல் டெசி, கோஸ்ட்னர், ரயன் 128 ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பிடித்த பணியில், எதிர்பார்த்த பொருட்பரிசு ஆசையைக் குறைத்தது. வாய்ப் பாராட்டு கல்லூரி மாணவர்களிடம் கூட்டியது. சிறுபிள்ளைகளிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை.

அதே மாணவர்: கேமரன் 2001-ல் பதில் கொடுத்துவிட்டார்.

கொடுத்தார், முழுதாகப் படியுங்கள். பிடித்த பணியில், திறமை அளவோடு கட்டாமல் முன்கூட்டிச் சொன்ன பொருட்பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது என்று அவர் தரப்பே ஒப்புக்கொள்கிறது. மிஞ்சிய சண்டை, ‘இவ்வளவு தரத்துக்கு இவ்வளவு’ என்று கட்டிய பரிசைப் பற்றியது. அதில் கேமரன் பக்கம் நியாயம் உண்டு: அப்படிப்பட்ட பரிசு ‘உனக்குத் திறமை இருக்கிறது’ என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது. டெசி தரப்பு அதைக் குறைத்தே மதிப்பிடுகிறது. ஆனால் ‘பரிசால் கேடில்லை’ என்று ஒரே வரியில் ஆய்வேட்டில் எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

டெட் தேர்வர், தேனி: மாஸ்லோ பிரமிடின் உச்சியில் இருப்பது எது?

தன்னிறைவு. பிரமிடு அவருடையதல்ல. முதல் பதில்.

தந்தை, சேலம்: கல்லூரி மகன் மூன்று வாரமாக அறையை விட்டு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் தூங்குவதும் இல்லை. எப்படி ஊக்கப்படுத்துவது?

ஐயா, இதற்கு இங்கே பதில் தேடாதீர்கள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 அரசின் இலவச மனநல எண், இன்றே பேசலாம். ‘சோம்பேறி’ என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம்.

தொழில் பயிற்றுநர், ஓசூர்: அடைவூக்கத்தை, அதாவது சவாலான குறியை எட்ட வேண்டும் என்ற உந்துதலை, பெரியவர்களுக்குக் கற்றுத்தர முடியுமா?

முடியும். உளவியலாளர் மெக்கிலெலண்ட் 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வணிகர்களுக்கு அதைத்தான் செய்தார். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் பின்னாளில் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினார்கள்.

உங்கள் வகுப்பில் வளையம் எறிதலோடு தொடங்குங்கள்: நட்டுவைத்த முளையில் விழும்படி வளையத்தை எறிய வேண்டும். எங்கிருந்து எறிவது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யட்டும். அடைவூக்கம் மிக்கவர் நடுத்தரத் தூரத்தில் நிற்பார்: தவறவும் வாய்ப்புண்டு, முயன்றால் விழவும் செய்யும். முளைக்குப் பக்கத்தில் நிற்பவரிடமும் கோடியில் நிற்பவரிடமும் ஏன் என்று கேளுங்கள். பிறகு மூன்று மாதத்தில் முடியும் ஒரு குறியை எழுதவையுங்கள். அதில் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்க ஆளில்லாத பயிற்சி, சான்றிதழோடு முடிந்துவிடும். எறிந்தவர்களுக்குப் பரிசு மட்டும் வைக்காதீர்கள். எல்லோரும் முளைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.