‘நல்லவள்’ என்பதற்கு மேல் எழுதாத மாணவர்களுக்குக் கதைமாந்தரை உய்த்துணரக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: நான் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் துணைப்பாடக் கதையைப் பிழையின்றித் திரும்பச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கதைமாந்தரின் பண்பை எழுதச் சொன்னால் ‘நல்லவர்’, ‘கெட்டவர்’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ‘ஊகித்துச் சொல்லுங்கள்’ என்றாலோ கதையில் இல்லாததையெல்லாம் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தங்கள் மாணவர்களுக்கு உய்த்துணரும் திறன் இல்லை என்று கொள்ள வேண்டாம். அடுக்களையில் பாத்திரம் வைக்கப்படும் ஓசையைக் கேட்டே அம்மா கோபமாக இருக்கிறார் என்று அறிந்துகொள்ளும் பிள்ளைகள்தாம் அவர்கள். வீட்டில் நொடிப்பொழுதில் செய்கிற அதே வேலையைக் கதையிலும் செய்யலாம் என்பதும், எந்த வழியாக அந்த முடிவுக்கு வந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்பதுமே அவர்களுக்கு இன்னும் புலப்படவில்லை.

அந்த வழியைக் காட்டத் தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டை விடச் சிறந்த ஒன்றை நான் கண்டதில்லை. மலையில் புகை தெரிகிறது; புகை எழும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை அடுக்களையில் கண்டிருக்கிறோம்; ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. இந்த மூன்று படிகளையும் கரும்பலகையில் மூன்று பத்திகளாக்கி, ‘கதையில் இருப்பது’, ‘எனக்கு முன்பே தெரிந்தது’, ‘ஆகவே நான் நினைப்பது’ என்று தலைப்பிடுங்கள். ‘நல்லவர்’ என்று மட்டும் எழுதும் மாணவர் மூன்றாம் பத்தியை மட்டும் நிரப்புகிறார்; கதையில் இல்லாததைச் சொல்பவர் முதல் பத்தியை விட்டுவிடுகிறார். தாங்கள் குறிப்பிடும் இரண்டு குறைகளும் இந்த ஒரே அட்டவணையில் வெளிப்பட்டுவிடும்.

முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பாடநூலை எடுக்காமல், ஆறேழு வரிகளுக்கு மேற்படாத ஒரு பகுதியைத் தாங்களே எழுதிக்கொள்வது நல்லது. நான் பயன்படுத்தும் ஒன்றைத் தருகிறேன்:

“சுற்றுலாவுக்குப் பணம் கட்ட அன்று கடைசி நாள். செல்வி நோட்டின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். ‘நீ வரலையா?’ என்று கயல் கேட்டாள். ‘எனக்குப் பஸ்ஸில் போனால் வாந்தி வரும்’ என்றாள் செல்வி. தினமும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். கயல் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்போ நானும் போகலை. அன்னைக்கு எங்க வீட்டில் பல்லாங்குழி ஆடலாம்’ என்றாள்.”

‘செல்வி எப்படிப்பட்டவள்?’ என்று இங்கே கேட்டால் ‘பொய் சொல்பவள்’ என்ற விடைதான் வரும். அதற்கு மாறாக, ‘செல்வி ஏன் அப்படிச் சொன்னாள்? அது பொய் என்று தெரிந்தும் கயல் ஏன் அதைச் சொல்லிக்காட்டவில்லை?’ என்று கேளுங்கள். செயலின் காரணத்தைத் தேடும்போதுதான் பண்பு பிடிபடுகிறது. பணம் இல்லாததை வெளியில் சொல்லச் செல்வியின் தன்மானம் இடம் கொடுக்கவில்லை என்று ஒருவர் சொல்வார். வீட்டில் அனுப்ப மறுத்திருக்கலாம் என்று, பெரும்பாலும் ஒரு மாணவி, சொல்வார். இரண்டாவதைத் தவறென்று ஒதுக்கிவிடாதீர்கள்; அவர் தம் வாழ்விலிருந்து நேர்மையாகவே இரண்டாம் பத்தியை நிரப்பியிருக்கிறார். எந்த விடைக்குக் கதையில் கூடுதல் சான்று இருக்கிறது என்று வகுப்பையே தேடச் சொன்னால், முதல் வரியில் இருக்கும் ‘பணம்’ அவர்கள் கண்ணில் படும். செல்விக்குக் கயலோடு சண்டை என்று சொல்பவரிடம் மட்டும், எந்த வரி அதைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டும். மூடுபனியைப் புகையென்று கொள்வதும் உண்டு என்பதை அவர் அப்போது தாமே உணர்வார்.

இந்தக் கேள்விகளைக் கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். உய்த்துணரும் வினாவுக்கு அதைவிடவும் கூடுதல் நேரம் தரலாம் என்பது என் கருத்து.

இன்னொரு தடை, சொல் இல்லாமை. கயலின் செயல் மாணவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். ஆனால் ‘இங்கிதம்’ என்ற சொல்லை அறியாதவர் ‘நல்லவள்’ என்றுதான் எழுத முடியும். ஒவ்வொரு கதையோடும் பரிவு, வீம்பு, தயக்கம், பெருந்தன்மை போன்ற மூன்று நான்கு சொற்களை மட்டும் கொடுத்து, எது பொருந்தும், எது பொருந்தாது என்று வாதிடச் செய்யுங்கள். நீண்ட பட்டியலைக் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். உணர்ச்சியையும் பண்பையும் பிரித்தறிவதும் இங்கேயே தொடங்க வேண்டும்: நோட்டின் ஓரத்தை மடிப்பது அந்த நேரத்துத் தவிப்பு, அதை வைத்து ‘செல்வி பயந்தவள்’ என்று முடிவுகட்ட முடியாது. பண்பு என்று சொல்ல, கதையின் வேறோர் இடத்திலும் அதற்குச் சான்று வேண்டும்.

அதன்பின் பாடநூல் கதைக்குச் செல்லும்போது, கதையின் பாதியில் நிறுத்தி அட்டவணையை நிரப்பச் செய்து, முடிவில் அதே தாளில் வேறு நிற மையால் திருத்தச் சொல்லுங்கள். முதலில் எழுதியதை அழிக்க விடாதீர்கள். மதிப்பிடும்போது, ஐந்து மதிப்பெண் வினாவானால் சான்றுக்கு இரண்டும், அதைப் பண்போடு இணைத்துச் சொல்லும் காரணத்துக்கு இரண்டும், பண்பின் பெயருக்கு ஒன்றும் கொடுங்கள். வழிகாட்டி நூலிலிருந்து பண்பை மட்டும் மனப்பாடம் செய்து எழுதியவருக்கு ஒரு மதிப்பெண்தான் கிடைக்கும் என்பதை வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.