இயேசுவே யூதர்தானே, பிறகு யூத மதமும் கிறிஸ்தவமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

நான் சண்டே ஸ்கூலில் வளர்ந்தவன். பைபிளின் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதியைத் திறக்க மாட்டேன் என்றவர்கள்தான் யூதர்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கிறிஸ்தவத்தில் இயேசுவைக் கழித்தால் யூத மதம். இந்தக் கணக்கே தப்பு.

முதலில் மேசியா. நமக்கு இயேசுதான் அவர். சொல்லின் பொருள் எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்டவர். யூத மரபில் அவர் தாவீதின் வம்சத்தில் வரும் ஒரு மனிதர், ராஜா. சிதறிக் கிடக்கும் ஜனங்களைக் கூட்டிச் சேர்க்க வேண்டும், எருசலேம் ஆலயத்தைக் கட்ட வேண்டும், உலகத்தில் சண்டை ஓய வேண்டும். இந்த வேலைகள் முடிந்தனவா என்று பார்த்துத்தான் ஆளை ஒத்துக்கொள்வார்கள். கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய பார் கோக்பாவை, அந்தக் காலத்தின் பெரிய ரபியான (யூத மத குருவான) அக்கிவாவே மேசியா என்றார். 135இல் பார் கோக்பா கொல்லப்பட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது, அவர் மேசியா இல்லை. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார். நமக்கு எல்லாம் தொடங்குகிற சிலுவை, அவர்களுக்கு அந்தக் கேள்வியை முடித்துவைக்கிற இடம்.

கடவுள் மனிதனாக வந்தார் என்பது இதைவிடப் பெரிய சிக்கல். "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற உபாகமம் 6:4ஐக் காலையிலும் மாலையிலும் சொல்கிறவர்கள் அவர்கள். பிற இனத்தார் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, நம்பினால் அது விக்கிரக ஆராதனை ஆகாது என்று தாராளமாகச் சொன்ன ரபிகள் உண்டு. யூதர் நம்பினால்? ஆகும்.

ஆதாமின் பாவம் பிறக்கும்போதே நம்மோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்ற போதனை அவர்களிடம் கிடையாது. மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு, நடுவில் ஒருவர் பலியாகத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தீங்கு செய்திருந்தால் மட்டும் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரின் உபவாசமும் உதவாது, முதலில் அவனிடம் போய்ச் சமாதானம் ஆக வேண்டும்.

வசனங்களையே வேறு மாதிரி படிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்கும் ஏசாயா 7:14ஐ எடுங்கள். ஒரு பெண் கர்ப்பமாகி மகனைப் பெறுவாள், அதுவே அடையாளம் என்கிற வசனம். தமிழ் பைபிளில் அவள் "கன்னிகை" என்றிருக்கும். எபிரேயச் சொல் "அல்மா", அதாவது இளம்பெண். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பில் அது "பார்த்தெனோஸ்", கன்னி, என்று ஆனது. இயேசுவின் பிறப்பைச் சொல்லும்போது மத்தேயு அதை எடுத்துக்கொண்டார். அதிகாரத்தை முழுதாகப் படித்தால், ஆகாஸ் ராஜாவை இரண்டு ராஜாக்கள் மிரட்டுகிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியும் முன்பே அந்த இருவரின் தேசமும் பாழாகும் என்று ஏசாயா தைரியம் சொல்கிறார். எழுநூறு வருடம் கழித்துப் பிறக்கும் குழந்தை ஆகாஸுக்கு என்ன அடையாளம் என்று யூதர்கள் கேட்கிறார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

"இரண்டையும் சேர்த்து நம்பினால் என்ன?" என்று கேட்கத் தோன்றலாம். அப்படி வாழ்ந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். போலந்து யூதர் ஆஸ்வால்ட் ருஃபைசன். தன் யூத அடையாளத்தை மறைத்து மீர் என்ற ஊரில் நாஜி ஜெர்மன் போலீஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1942இல் யூதர்களைக் கொல்லப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தகவல் கொடுத்து, அங்கே அடைபட்டிருந்த யூதர்களில் சுமார் 300 பேர் தப்பிக்க வழி செய்தார். பிறகு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது ஞானஸ்நானம் பெற்றார், கத்தோலிக்கக் கார்மேல் சபைத் துறவியாகி பிரதர் டேனியல் ஆனார். யூதர்கள் வந்து குடியேறினால் குடியுரிமை தரும் சட்டம் இஸ்ரேலில் உண்டு. அதன்படி, யூதர் என்ற உரிமையில் குடியுரிமை கேட்டார். வழக்கு 1962இல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

ரபிகளின் சட்டப்படி பாவம் செய்த யூதனும் யூதனே. நீதிமன்றமே அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் குடியேற்றச் சட்டத்தில் வரும் "யூதர்" என்ற சொல்லைச் சாதாரண ஜனங்கள் புரிந்துகொள்கிறபடிதான் எடுக்க வேண்டும், அந்தப் பொருளில் ஒரு கத்தோலிக்கத் துறவி யூதர் ஆகமாட்டார் என்று 4க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பானது. 1970இல் அந்தச் சட்டத்திலேயே "வேறு மதத்தைச் சேராதவர்" என்ற நிபந்தனை ஏறியது. கடவுளே இல்லை என்கிற யூதருக்கு அதே சட்டம் கதவைத் திறக்கிறது, கவனியுங்கள்.

டேனியல் இஸ்ரேலை விட்டுப் போகவில்லை. மற்ற வெளிநாட்டவர் போல விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கினார். 1998இல் இறக்கும்வரை ஹைஃபாவில் இருந்து, எபிரேயம் பேசும் சிறு கத்தோலிக்கக் கூட்டம் ஒன்றுக்கு அவர்கள் மொழியிலேயே பூசை வைத்தார்.