சர்வர் இருக்கிற ஊரில் மணி என்ன?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சிங்கப்பூர் ஜவுளிக்கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கடையின் சர்வருக்குள் போனால் இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் காட்டுகிறது. ராத்திரி பத்து மணிக்குப் போடுகிற என்ட்ரி மறுநாள் தேதியில் விழுகிறது. நேரத்தை மாற்றப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. என்ன செய்யட்டும் சார்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: பாஸ்வேர்டு கேட்டது நல்லதாகப் போயிற்று. கேட்காமல் விட்டிருந்தால் கடையில் அதே சர்வரில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் மணி மாறியிருக்கும், காலையில் முதல் போன் முதலாளியிடமிருந்துதான் வந்திருக்கும்.

பழுது ஒன்றும் இல்லை. நீங்கள் பார்ப்பது சர்வரின் கடிகாரம், அது சிங்கப்பூர் நேரத்தில் ஓடுகிறது. (எழுபதுகளில் கொண்டுவிற்கப் போய் அங்கே கிட்டங்கியில் கணக்கு எழுதிய பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் 2 மணி நேரம்தான் என்பார். 1982 ஜனவரி 1 அன்றுதான் சிங்கப்பூர் இன்னொரு அரை மணி கூட்டிக்கொண்டது.)

விண்டோஸில் இதற்கு ஒரு வசதி உண்டு. சர்வரின் குரூப் பாலிசியில் (அட்மின் எல்லோருக்குமான விதிகளை வைக்கிற இடம்) ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், அதற்குள் டிவைஸ் அண்ட் ரிசோர்ஸ் ரீடைரக்‌ஷன், அங்கே 'அலவ் டைம் ஸோன் ரீடைரக்‌ஷன்' என்று இருக்கும். அட்மின் அதை எனேபிள் செய்துவிட்டால், நீங்கள் நுழையும்போது உங்கள் கணினி தன் டைம் ஸோனைச் சொல்லும், சர்வர் அதை வைத்து உங்கள் செஷனில் மட்டும் இந்திய நேரம் காட்டும். ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை வெறுமனே மூடிவிட்டு வந்தால் பழைய செஷன் அப்படியே இருக்கும் என்பதால், ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப நுழைய வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் உங்களுக்கு அது வேண்டாம். திரையில்தான் மணி மாறும். தேதியை டேட்டாபேஸ் சர்வரிடமிருந்து எடுக்கிற மென்பொருளாக இருந்தால் அது சிங்கப்பூர் நேரத்தையேதான் பதியும், அப்புறம் திரையில் ஒன்று, கணக்கில் ஒன்று என்று நீங்களே குழம்பிப் போவீர்கள். கடை சிங்கப்பூரில் இருக்கிறது, கணக்கும் அந்த ஊர் தேதியில் இருப்பதுதான் முறை. நம் ஊரில் இரவு 9:30 ஆனால் அங்கே மறுநாள் பிறந்துவிடும். அதற்குள் அன்றைய என்ட்ரியை முடியுங்கள், முடியவில்லையா, தேதியைக் கையால் மாற்றிப் போடுங்கள். உங்கள் கணினியின் கடிகார அமைப்பில் கூடுதலாக இரண்டு கடிகாரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம், அதில் ஒன்றை சிங்கப்பூருக்கு வையுங்கள்.

கேள்வி: காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறோம். பில்லிங்கை கிளவுட் சர்வருக்கு மாற்றியதிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குப் போடுகிற பில்லில் முந்தின நாள் தேதி வருகிறது. பகலில் தேதி சரி, மணிதான் தப்பு.
– வாசகர், காரைக்குடி

பதில்: ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறதா? அப்படியானால் சர்வர் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. அஸூர், ஏடபிள்யூஎஸ் போன்ற கிளவுட் சேவைகளில் விண்டோஸ் சர்வர் எடுத்தால் நாம் மாற்றும்வரை அப்படித்தான் இருக்கும். காலை 5:30-க்கு முன் போடுகிற பில் எல்லாம் நேற்றையதாகிவிடும். மண்டிக்காரருக்கு வியாபாரமே அந்த நேரத்தில்தானே! மேலே சொன்ன ரீடைரக்‌ஷன் இங்கே போதாது, ஏனென்றால் பில் தேதி டேட்டாபேஸிலிருந்து வருவது போலத் தெரிகிறது. சர்வரை உங்கள் மண்டி மட்டும்தான் பயன்படுத்துகிறது என்றால் சர்வரின் டைம் ஸோனையே 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி' என்று மாற்றச் சொல்லுங்கள். மண்டி மூடிய பிறகு மாற்றி, சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வது நல்லது. பழைய பில்கள் தானாகத் திருந்தாது, ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக ரிமோட் டெஸ்க்டாப்பில் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடுகிறது. என் லேப்டாப் நேரத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: லேப்டாப்பைத் திரும்பச் சரியான நேரத்துக்கு வையுங்கள். சர்வர் உங்களிடமிருந்து டைம் ஸோனை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளும், மணியை வாங்காது. டைம் ஸோன் தப்பு என்றால் வித்தியாசம் பெரும்பாலும் மணிக்கணக்கில், மிஞ்சினால் அரை மணி சேர்ந்து இருக்கும். ஏழு நிமிடம் என்றால் சர்வரின் கடிகாரமே பின்தங்கிவிட்டது. விண்டோஸ் டைம் சர்வீஸ் ஓடுகிறதா, நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று அட்மின் பார்க்கட்டும். அது விர்ச்சுவல் மெஷினாக (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடுகிற கணினி) இருந்தால் அதைத் தாங்குகிற ஹோஸ்ட் கணினியின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், ஒருபக்கம் சரிசெய்யச் செய்ய இன்னொரு பக்கம் அது பழைய நேரத்தைத் திணித்துக்கொண்டிருக்கும். தள்ளிப் போட வேண்டாம். டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே நிர்வாகத்தில் சேர்த்த குழு) உள்ள கணினிகளுக்கிடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கெர்பரோஸ் என்கிற அடையாளச் சோதனையில் லாகின் மறுக்கப்படலாம்.