தாசிதஸை விட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு

முனைவர் பட்டம் முடித்து மூன்று வருடமாக ஒப்பந்த வகுப்புகள்தான், பண்டைய ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதஸ் பற்றிய ஆய்வை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

பேராசிரியர் வேலை ஒன்றுதான் வழி என்றில்லை. மியூனிக்கில் பவேரிய அறிவியல் கழகத்தில் 1894 முதல் ஒரு பெரிய லத்தீன் அகராதி உருவாகி வருகிறது: தெசாரஸ் லிங்குவே லத்தினே. ஒவ்வொரு சொல்லும் பழைய நூல்களில் எங்கே வருகிறது என்று குறித்துவைத்த ஏறக்குறைய ஒரு கோடி சீட்டுகள் அங்கே இருக்கின்றன. ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளை எடுத்து, வரும் இடங்களையெல்லாம் வாசித்து, பொருள்வாரியாகப் பிரித்துக் கட்டுரை எழுத வேண்டும். அடியில் எழுதியவர் பெயர் வரும். தாசிதஸின் ஒரு வினைச்சொல்லோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய உங்களுக்கு இது பழகிய வேலைதான். அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுச் சங்கம் அங்கே ஓராண்டு தங்க உதவித்தொகை தருகிறது. தகுதி விதிகளைப் பாருங்கள்.

அப்புறம், ஆங்கிலக் கவிஞரும் லத்தீன் அறிஞருமான ஹவுஸ்மன். 1881இல் ஆக்ஸ்ஃபோர்டு இறுதித் தேர்வில் தோற்றவர். லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பத்து வருடம் குமாஸ்தா வேலை. மாலையில் பிரிட்டிஷ் மியூசியத்தில் லத்தீன். அங்கிருந்தே எழுதிய கட்டுரைகளால் 1892இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் லத்தீன் பேராசிரியரானார். அந்தக் காலம் வேறு, சரி. ஆனாலும் வேறு வேலைக்குப் போனாலும், ஆய்வேட்டின் ஓர் இயலையாவது இந்த வருடமே இதழுக்கு அனுப்பிவிடுங்கள்.