நோன்புக் கஞ்சியும் மாஸ்க் ரோடும் – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன். மூன்று வருடங்களாகப் பெங்களூரில் வேலை. மாரத்தஹள்ளியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். அதில் நோன்பு வைப்பவன் நான் ஒருவன்தான். இந்த ரமலானில் அலுவலக நண்பர்கள் என்னை ஃப்ரேசர் டவுன் மாஸ்க் ரோட்டுக்கு அழைத்துப் போனார்கள். அன்போடுதான் அழைத்தார்கள். ஹலீம், கல்லில் சுட்ட கறி, கபாப், ஃபிர்னி என்று ஒவ்வொரு கடையாக நின்று, "இது என்ன, இதை ஏன் நோன்பில் சாப்பிடுகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்கள். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. பலவற்றை நானே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒருவர், "உங்கள் ஊரில் நோன்புக்கு என்ன விசேஷம்?" என்றார். "கஞ்சி" என்றேன். அதற்குப் பிறகும் ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதற்குப் போய் வெட்கப்பட்டோமே என்று இரவு தராவீஹ் தொழுகையில் நிற்கும்போது அதைவிட வெட்கமாக இருந்தது.

பகலெல்லாம் பசித்திருந்துவிட்டு இரவில் இப்படிக் கடை கடையாகச் சாப்பிடுவது நோன்புக்குப் பொருந்துமா அண்ணா? நம் கஞ்சி ஏன் இங்கே கடைகளில் இல்லை? நான் தேடிய வரையில் எங்கும் கிடைக்கவில்லை. நன்னி (பாட்டி) தினமும் போனில், "கஞ்சி குடித்தாயா?" என்று கேட்கிறார். குடித்தேன் என்று பொய் சொல்கிறேன், நோன்பு வைத்துக்கொண்டு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பெங்களூரு)

*

அன்புள்ள தம்பி,

வ அலைக்கும் ஸலாம்.

முதலில் நன்னியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அது ஒன்றுதான். வெட்கப்பட்டதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கஞ்சி என்ற சொல்லே நம் மொழியில் இல்லாமையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கஞ்சிக்கு வழியில்லை' என்கிறோம். பஞ்ச காலத்திலும், தறி ஓடாத காலத்திலும் கஞ்சித் தொட்டி திறந்த நாடு இது. சீனர்களின் அரிசிக் கஞ்சியை ஆங்கிலேயர் இன்றும் 'காஞ்சி' என்று அழைக்கிறார்களே, அது போர்த்துகீசியர் வழியாக அவர்களிடம் போய்ச் சேர்ந்த நம் சொல். உலகம் சுற்றிய சொல்லை உச்சரிக்க நாம்தான் கூசுகிறோம்.

நான் பிறந்தது ராமநாதபுரம் கடற்கரையில். 1983இல் ரமலான் ஜூன் மாதத்தில் வந்தது. எனக்குப் பத்து வயது, முழு நோன்பு வைத்த முதல் வருடம். ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் ரமலான் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். அந்த ஜூன் வெயில் திரும்பவும் ரமலானுக்கு வந்தது 2016இல். ஆனால் நோன்பு என்றால் என் உடம்பு இன்றும் நினைப்பது 1983இன் தாகத்தைத்தான்.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பின்பக்கம் அடுப்பு மூட்டுவார்கள். குருணையாக உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கை கையாக உரித்த பூண்டு. வசதியுள்ள யாராவது அன்றைய செலவை ஏற்றிருந்தால் கொத்துக்கறி விழும். இல்லாத நாளில் காரட்டும் தக்காளியும். பட்டை, கிராம்பு, புதினா, மல்லி, எங்கள் கரைக்கே உரிய ரம்பை இலை. எல்லாம் குழைந்து ஒன்றான பிறகு தேங்காய்ப் பால். துடுப்புப் போட்டுக் கிண்டியவரும் நோன்பாளிதான். உப்பை நாக்கில் வைத்துப் பார்க்காமல் கையளவிலேயே போடுவார். ஒரு நாளும் உப்புத் தவறியதாக எனக்கு நினைவில்லை. அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு முன்பே அந்த வாசனை தெருவுக்கு வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதுதான் பத்து வயதுக்காரனின் ஜிஹாத்.

அஸர் முடிந்ததும் வரிசை. பித்தளைத் தூக்கு, எவர்சில்வர் வாளி, அலுமினியச் சட்டி. எங்கள் தெருப் பிள்ளைகளோடு, தெற்குத் தெருவிலிருந்து இந்து வீட்டுப் பிள்ளைகளும், கடற்கரைக் குடிசைகளிலிருந்து கிறிஸ்தவப் பிள்ளைகளும் நிற்பார்கள். வயிறு சரியில்லாத குழந்தைக்குப் பள்ளிவாசல் கஞ்சி கொடுத்தால் கேட்கும் என்று தாய்மார்கள் சொல்லி அனுப்புவார்கள். அகப்பையோடு நிற்பவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்டில் எத்தனை பேர்?" யார் வீடு, நோன்பு உண்டா இல்லையா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. தோணி வைத்திருந்தவர் வீட்டுக்கும் அந்தத் தோணியில் மூட்டை ஏற்றியவர் வீட்டுக்கும் ஒரே அண்டாவிலிருந்து போகும். எங்கள் வீட்டில் வாடா, சமோசா, கடல்பாசி எல்லாம் செய்திருப்பார்கள். இருந்தாலும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஆனவுடன் உம்மம்மா கையில் எடுப்பது பள்ளிக் கஞ்சியைத்தான். ஆள் கூடுதலாக வந்துவிட்டால் இன்னும் ஒரு குடம் தண்ணீர், கொஞ்சம் உப்பு. கடைசி ஆளுக்குச் சற்று நீர்த்திருக்கும், அவ்வளவுதான். இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

கஞ்சி ஏன் கடையில் இல்லை என்ற கேள்விக்கு என் பதில் இதற்குள் வந்துவிட்டது. அது விற்பதற்காகப் பிறந்த உணவு இல்லை, தம்பி. நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்க உணவு கொடுத்தவருக்கு அந்த நோன்பாளிக்குரிய அதே நன்மை உண்டு, நோன்பாளியின் நன்மையில் எதுவும் குறையாமல், என்று நபிமொழி இருக்கிறது. அண்டாவுக்கு அரிசி கொடுத்தவர், விறகு கொடுத்தவர், கிண்டியவர், அகப்பை பிடித்தவர் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் நின்றார்கள். தமிழ்நாட்டில் 2001 முதல் நோன்புக் கஞ்சிக்காக அரசே பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுத்து வருகிறது. அந்த அரிசி ஓசூரைத் தாண்டி வராது. இங்கே கஞ்சி காய்ச்ச வேண்டுமென்றால் குருணையிலிருந்து கறிவேப்பிலை வரை யாராவது சேர்க்க வேண்டும். சேர்க்கிற ஆள் இருக்கும் தெருவில் கஞ்சி இருக்கும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ஹலீமை இளக்காரமாகப் பார்த்துவிடாதீர்கள். அது நம் கஞ்சிக்கு மிக நெருங்கிய உறவு. அதன் மூதாதை அரபு நாட்டு ஹரீஸ். அரபியில் 'ஹரஸ' என்றால் இடித்தல், நசுக்குதல். கோதுமையும் கறியும் அடையாளம் தெரியாமல் ஒன்றாகும் வரை இடிப்பது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் தொகுக்கப்பட்ட சமையல் நூலிலேயே அது இருக்கிறது. ஏமனிலிருந்து வந்து நிஜாமின் படையில் சேர்ந்த அரபுகள் அதை ஹைதராபாதுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மசாலாவும் நெய்யும் சேர்ந்து இன்றைய ஹலீம் ஆயிற்று. 2010இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரபு நாடுகளிலோ ஹரீஸ் இன்றும் பெரிய அண்டாவில் காய்ச்சி, ரமலானில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் உணவு. 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அது சேர்ந்தது. கோலாலம்பூர் கம்போங் பாரு பள்ளிவாசலில் ரமலான் மாலைகளில் 'புபூர் லம்பூக்' என்று ஒரு கஞ்சியை இலவசமாக வழங்குகிறார்கள். அரிசி, கறி, தேங்காய்ப் பால், வாசனைப் பொருட்கள். நீங்களும் நானும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ஊர் நினைவு வந்துவிடும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மாஸ்க் ரோட்டில் சாப்பிட்டதால் உங்கள் நோன்புக்கு எந்தக் குறையும் இல்லை. இரவின் கறுப்பு நூலிலிருந்து வைகறையின் வெள்ளை நூல் தெளிவாகத் தெரியும் வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று குர்ஆனே (2:187) சொல்கிறது. நோன்பாளிக்கு இரண்டு மகிழ்ச்சிகள், ஒன்று நோன்பு திறக்கும்போது, மற்றது தன் இறைவனைச் சந்திக்கும்போது என்றார் நபிகள் நாயகம். உணவின் மகிழ்ச்சியை அவர் மறுக்கவில்லை, அதற்கு அவ்வளவு உயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். அதே நபிதான் வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என்றும் சொன்னார். மூச்சுக்கு இடம் விட்டுச் சாப்பிட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நானும் வருடத்துக்கு ஒரு மாலை அந்தத் தெருவுக்குப் போகிறவன்தான்.

என்னை வருத்துவது வேறு. சில வருடங்களுக்கு முன் அங்கே ஓர் உணவுக்கடையின் ஓரத்தில், கட்டட வேலை முடிந்து சிமெண்ட் தூசியோடு ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். பாங்கு கேட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்தார். அவருக்கு முன்னால் டோக்கன் வாங்கிய ஒரு நீண்ட வரிசை நின்றிருந்தது. நானும் அந்த வரிசையில், கையில் டோக்கனோடு. அன்று வாங்கியது எனக்கு இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் எழுந்து போயிருந்தார். எங்கள் ஊரில் இருந்ததும் வரிசைதான். அங்கே அவர் என் முன்னாலோ பின்னாலோ நின்றிருப்பார்.

நான் இந்த நகரத்துக்கு வந்த கதையையும் சொல்கிறேன். 1997 ஜனவரி. அந்த ரமலான் குளிரில் வந்தது. சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடியறை. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அறைத்தோழர், சுத்த சைவம். முதல் வாரம் முழுவதும் நோன்பு திறக்கப் பன்னும் டீயும்தான். லாத்தா (அக்கா) சென்னையிலிருந்து வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு அழைத்து, "இங்கே பாங்கு சொல்லிவிட்டார்கள், உனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதே" என்று வருத்தப்படுவாள். ஒரே வானம், இரண்டு ஊருக்கும் பத்து நிமிட வித்தியாசம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் அனுபவித்த தனிமையை வேறெப்போதும் அனுபவித்ததில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கீழ்ச்சந்தில் வெந்தய வாசனை. வாணியம்பாடிக்காரர் ஒரு முதியவர், தோல் வியாபாரத்தில் இருந்து ஓய்ந்தவர், தன் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தின் மாடியறைகளில் இருந்த பையன்களுக்காக. டம்ளரோடு போய் நின்றேன். உருதுச் சாயல் படிந்த தமிழில் அதே கேள்வியைக் கேட்டார், எத்தனை பேர் என்று. ஒருவன் என்றேன். "ஒருத்தருக்கு என்று கஞ்சி எப்படி ஊற்றுவது? அறையில் வேறு யாரும் இல்லையா? போய்ப் பாத்திரம் எடுத்து வா" என்றார். அறைத்தோழர் நோன்பு வைப்பவர் இல்லை, கறியும் சாப்பிடமாட்டார் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் போனபோது, கறி போடுவதற்கு முன்பே ஒரு சிறு சட்டியில் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார். பெருநாள் வரை தினமும் அந்தச் சட்டி இருந்தது. தஞ்சாவூர்க்காரர் ஒரு வாரத்துக்குப் பிறகு தானாகவே ரஸ்ஸல் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கிக் கொண்டுபோய் அவரிடம் கொடுக்க ஆரம்பித்தார்.

நீங்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். கடையில் தேடுவதை விட்டுவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களே காய்ச்சுங்கள். நான்கு பேருக்கு மட்டும் என்று அளவு போடாதீர்கள், அதில் பதம் வராது. அரை கிலோ பச்சரிசியைக் குருணையாக உடைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், முழுப்பூண்டு இரண்டு, தண்ணீர் ஐந்து லிட்டர். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லியைப் பட்டை கிராம்போடு எண்ணெயில் நன்றாக வதக்கிய பிறகு அரிசியும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். கொத்துக்கறியைத் தனியாக வேகவைத்து, சைவத்துக்கு எடுத்து வைத்த பிறகு கலக்குங்கள். ஒரு மூடித் தேங்காயின் பால் கடைசியில். பால் ஊற்றியபின் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும். பதினைந்து பேருக்குக் காணும். உங்கள் கட்டடத்தின் காவலாளி, மேல்மாடிக் குழந்தைகள், அன்று கேள்வி கேட்ட அந்த அலுவலக நண்பர் என்று ஆள் கிடைப்பார்கள்.

இது எங்கள் கடற்கரைப் பக்கத்து அளவு. திண்டுக்கல் பக்கத்தில் ரம்பை இலை போடுவார்களா, தேங்காய்ப் பாலை இவ்வளவு விடுவார்களா என்பதையெல்லாம் நன்னியிடம் கேளுங்கள். கேட்கும்போது அந்தப் பொய்யையும் சொல்லிவிடலாம். மாலை நாலரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் மஃரிபுக்குள், அதாவது நோன்பு திறக்கும் நேரத்துக்குள், வேலை முடிந்துவிடும். மேல்மாடிக்குக் கொடுத்தனுப்பும்போது ஆறிக் கட்டிப்பட்டிருந்தால், கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுங்கள்.