கோயில் வரியும் ஊர் வரியும்

கேள்வி: நான் பேரூராட்சி வார்டு உறுப்பினர். எங்கள் தெரு அம்மன் கோயில் முன்மண்டபத்துக்குப் பேரூராட்சிப் பணத்தில் தளக்கல் பதிக்கத் தீர்மானம் கொண்டுவரச் சொல்கிறார்கள் கோயில் கமிட்டியார். பள்ளிவாசல் தெருவில் சாக்கடை இரண்டு மழைக்காலமாக அடைத்துக் கிடக்கிறது. இருக்கிற பணம் ஒரு வேலைக்குத்தான் காணும். "அம்மன் அருளால் ஜெயித்துவிட்டு அவளையே மறக்கலாமா?" என்கிறார் மாமியார். நானும் தினமும் விளக்கேற்றுகிறவள்தான். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: சாக்கடை வேலையை எடுங்கள், சகோதரி. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. கமிட்டியாரிடமும் மாமியாரிடமும் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல்.

உங்கள் பக்கம் கொடை விழா என்றால் தலைக்கட்டு வரி போடுவார்கள். அந்த அம்மனைக் கும்பிடும் குடும்பங்கள்தான் தருகின்றன; பள்ளிவாசல் தெருவில் போய் யாரும் வசூல் நோட்டை நீட்டுவதில்லை. பேரூராட்சியின் வீட்டு வரியை அந்தத் தெருவும் கட்டுகிறது. இந்தக் கணக்கு கமிட்டியாருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதையே எடுத்துச் சொல்லுங்கள்.

சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென ஒதுக்கும் வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 27ஆவது பிரிவு. ஆனால் வரிப்பணத்தில் கணிசமான பங்கு போனால்தான் அது மீறல் என்று 2011இல் ஹஜ் மானிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கமிட்டியில் ஒரு வக்கீல் இருந்தால் போதும், உங்கள் வாயை அடைத்துவிடுவார். சட்டம் இடம் கொடுத்தாலும் மண்டபம் சாக்கடையை முந்த நியாயமில்லை.

அதற்காகக் கோயில் என்றாலே ஒதுங்கி நிற்காதீர்கள். கொடை நாளில் தெருவிளக்கு, தண்ணீர் லாரி, மறுநாள் குப்பை அள்ளுவது எல்லாம் உங்கள் வேலைதான். ரமலானுக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் அப்படியே. இதையும் மதச்சார்பு என்று முகம் சுளிக்கிற நண்பர்கள் உண்டு. அவர்கள் தெருக் கூட்டுகிறவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அமைச்சர்கள் கடவுள் பெயராலும் பதவியேற்கலாம், உளமார உறுதி கூறியும் ஏற்கலாம். எப்படித் தொடங்கினாலும் அச்சமோ சார்போ, விருப்போ வெறுப்போ இன்றி எல்லோருக்கும் நியாயம் செய்வேன் என்றுதான் அந்த உறுதிமொழி போகிறது. வார்டு உறுப்பினருக்கு மட்டும் அது வேறாகிவிடுமா? அம்மனை நம்புகிறவர் கொடுத்த வாக்குக்கு அவளே சாட்சி. பள்ளிவாசல் தெருவை விட்டுவிட்டு அவள் முன் எப்படி விளக்கேற்றுவது என்று மாமியாரிடமே கேளுங்கள்.

மண்டபத்துக்கு உங்கள் கைப்பணத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ரசீதை மாமியார் பெயரில் போடச் சொல்லுங்கள். உபயதாரர் கல்வெட்டில் உங்கள் பெயரையும் சேர்த்தே தீருவோம் என்றால், கீழே 'வார்டு உறுப்பினர்' என்று பொறிக்க விடாதீர்கள்.