லாபம் காகிதத்தில், பணம் எங்கே?

மும்பை தாராவியில் லெதர் பை தைக்கும் பட்டறை நடத்தும் வாசகர் கேட்கிறார்: “அக்கவுண்டண்ட் மாதாமாதம் லாப நஷ்டக் கணக்கு அனுப்புகிறார். போன மாதம் லாபம் 62,000 என்று இருந்தது. ஆனால் மாத ஆரம்பத்தில் 40,000 இருந்த பேங்க் கணக்கில் முடிவில் 9,000தான். யாரோ எடுக்கிறார்களா?”

பதற வேண்டாம். பில் போட்ட அன்றே லாப நஷ்டக் கணக்கில் விற்பனை ஏறிவிடும். பணம் கைக்கு வந்ததா என்பதை அது பார்ப்பதில்லை. அதனால் அதோடு பேலன்ஸ் ஷீட்டையும் (உங்களிடம் என்ன இருக்கிறது, வர வேண்டியது எவ்வளவு, தர வேண்டியது எவ்வளவு என்று காட்டும் தாள்) கேட்டு வாங்கி, போன மாதத்து ஷீட்டின் பக்கத்தில் வையுங்கள். உதாரணமாக, வர வேண்டிய பாக்கி 70,000 கூடியிருக்கலாம். தோல், ஜிப் என்று சரக்கு 25,000 ஏறியிருக்கும். வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுத்தது 30,000. இதெல்லாம் சேர்த்து கையில் நிற்காத பணம் 1,25,000. தோல் வியாபாரிக்கு நீங்கள் தராமல் வைத்திருப்பது 32,000 கூடியிருந்தால், அந்தப் பணம் இன்னும் உங்களிடம்தான்; அதை லாபத்தோடு கூட்டினால் 94,000. மிச்சம் 31,000 பள்ளம். 40,000 எப்படி 9,000 ஆனது என்பது புரிகிறதா? வீட்டுக்கு எடுத்தது லாபக் கணக்கில் வரவே வராது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு முதலில் தேவை பாக்கிப் பட்டியல். யார் எவ்வளவு தர வேண்டும், 30 நாளுக்குள்ளா, 60 நாளைத் தாண்டியதா என்று ஒரே தாளில் பிரித்துக் கேளுங்கள். 60ஐத் தாண்டிய பெயர்களுக்கு அன்றே போன் போடுங்கள். பழகிய சேட் என்று கூச்சப்பட்டால் உங்கள் தையல்காரருக்குத்தான் கூலி தள்ளிப்போகும்.

ஜிஎஸ்டியையும் மறக்காதீர்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும், சேட் பணம் தராவிட்டாலும். வந்த வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள்.

சரி, சேட் இழுத்தடித்தால்? உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா பாருங்கள். சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சேட் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது; ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அடுத்த பில் புத்தகம் அச்சடிக்கும்போது ஜிஎஸ்டி எண்ணுக்குக் கீழே உத்யம் எண்ணையும் போட்டுவிடுங்கள்.